ராயபுரத்துக் கிட்டாரும் ராணுவத்துக் கிட்டாரும்

இரண்டு விளம்பரங்கள். இரண்டும் கற்பனை தான். ஆனால் பழைய பொருள் விற்கிற எந்த இணையதளத்தைத் திறந்தாலும் இவற்றின் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் நாலைந்து பேராவது கண்ணில் படுவார்கள்.

முதல் விளம்பரம்: "யமஹா அக்கூஸ்டிக் கிட்டார். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பின்பக்கம் ஒரு கீறல் உண்டு, ஒரு கீ கொஞ்சம் லூஸ். பையோடு சேர்த்து 6,000 ரூபாய். இடம்: ராயபுரம். நேரில் வந்து வாசித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்."

இரண்டாவது விளம்பரம்: "அதே யமஹா. புத்தம் புதுசு மாதிரி. 3,500 ரூபாய் மட்டுமே." போன் செய்தால், விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம். திடீரென்று காஷ்மீருக்கு மாற்றல் வந்துவிட்டதாம். நேரில் பார்க்க முடியாது, கேம்ப்புக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். கொஞ்சம் முன்பணம் அனுப்பினால் போதும், ராணுவப் பார்சலிலேயே கிட்டார் வீட்டுக்கு வந்துவிடும். நம்பிக்கைக்கு, சீருடை போட்ட போட்டோவும் அடையாள அட்டையும் வாட்ஸப்பில் வந்து விழும்.

சொல்லுங்கள், எதற்கு முதல் போன் போகும்?

கையில் பணம் குறைவாக இருக்கிற, முதல் கிட்டார் வாங்குகிற கல்லூரிப் பையன் ஒருவன் இதை நண்பர்களிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று யூகிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. "ராயபுரமா? தனியா போகாதடா மச்சி, பிடுங்கிக்கிட்டு அனுப்பிடுவாங்க. மிலிட்டரிக்காரர் எதுக்கு ஏமாத்தப்போறாரு?"

ஆக, வீட்டுக்குப் பக்கத்தில் வரச்சொல்லி, குறையையும் சேர்த்துச் சொல்கிற ஆசாமியைப் பார்த்துப் பயம். முகத்தையே காட்டாமல், பொருளையும் காட்டாமல், பணத்தை மட்டும் கேட்கிற ஆசாமி மேல் நம்பிக்கை. ஆன்லைனில் பழைய கிட்டார் வாங்குவது விற்பது பற்றி ஆயிரம் எச்சரிக்கைகள் சொல்லலாம். ஆனால் அடிப்படையான கோளாறு இது தான்: பயம் தப்பான இடத்தில் இருக்கிறது.

முதலில் ராணுவத்துக் கிட்டாரைப் பார்க்கலாம்.

அப்படி ஒரு கிட்டார் கிடையாது. போட்டோ வேறு யாருடைய விளம்பரத்திலிருந்தோ எடுத்தது. சீருடைக்காரரின் அடையாள அட்டையும் யாரிடமிருந்தோ சுட்டது. முன்பணம் 1,000 ரூபாய் போனதும் பார்சல் கட்டணம் 500 என்பார்கள். பிறகு ஜிஎஸ்டி. பிறகு "திரும்பக் கிடைக்கும் டெபாசிட்". ஒவ்வொரு தொகையும் சின்னது தான். "ஏற்கெனவே 1,500 போட்டாச்சு, இன்னும் 800 தானே" என்று மனசு கணக்குப் போடும். போன பணத்தை நினைத்து அடுத்த முடிவை எடுக்காதே என்று பி.காம் வகுப்பில் மூழ்கிய செலவு பற்றி எவ்வளவு படித்தாலும், சொந்தப் பணம் மூழ்கும்போது அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

இதே ஆசாமி வாங்குபவர் வேடத்திலும் வருவார். கிட்டாரை விற்க விளம்பரம் போட்ட அரைமணி நேரத்தில் போன். பேரம் பேசவே மாட்டார், சொன்ன விலைக்கு ஓகே. பொருளைப் பார்க்கவேண்டும் என்றும் கேட்கமாட்டார். "ராணுவக் கணக்கிலிருந்து பணம் வருகிறது, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் பின் நம்பரைப் போடுங்கள், 6,000 ரூபாய் வந்துவிடும்" என்பார். நம்பிக்கைக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்பியும் காட்டுவார். ஸ்கேன் செய்து பின் போட்டால் 6,000 வராது, போகும்.

இங்கே ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்தால் போதும். யூபிஐ 2016ல் வந்ததிலிருந்து மாறாத விதி: பின் நம்பர் என்பது பணம் கொடுக்கத் தான், வாங்க அல்ல. பணம் வாங்குகிறவர் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம், சும்மா இருந்தாலே பணம் வந்து சேரும். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் "எனக்குப் பணம் அனுப்பு" என்று யூபிஐயில் கோரிக்கை அனுப்புகிற வசதியை வைத்தும் இந்த மோசடி நடந்துகொண்டிருந்தது. அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். நல்லது தான். ஆனால் க்யூஆர் கோட் இருக்கிறது, ஸ்கிரீனைப் பகிர்கிற ஆப் இருக்கிறது, பணம் அனுப்பியது மாதிரியே காட்டுகிற டுபாக்கூர் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. ஒரு கதவை மூடினால் ஜன்னல் வழியாக வருகிற கூட்டம் இது.

கூட்டம் என்பது அலங்காரத்துக்குச் சொன்ன வார்த்தை அல்ல. 2023 ஏப்ரல் கடைசியில் ஹரியானா போலீசார் நூஹ் மாவட்டத்தில் 14 கிராமங்களைச் சுற்றிவளைத்து சோதனை போட்டார்கள். போன போலீசார் சுமார் 5,000 பேர். பிடிபட்டவர்கள் செய்துவந்த வேலைகளில் இந்த மாதிரிப் போலி விற்பனை விளம்பரங்களும் உண்டு. பக்கத்திலேயே ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார் பகுதிகளும் இதே தொழிலுக்காகப் பல மாநிலப் போலீசாரின் வழக்குகளில் அடிபட்டவை. ராயபுரத்துக்குப் போனால் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்த பையனின் பணம், அவன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடலாம்.

இப்போது ராயபுரத்துக் கிட்டார்.

வட சென்னை என்றால் சினிமாவில் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். காசிமேடு என்று எழுத்துப் போட்டதுமே யாராவது ஒருவர் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடியாக வேண்டும். அதே ராயபுரத்தில் தான் 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. அதே ராயபுரத்தில் தான் படகுத் தொழிலாளர்கள் தங்கள் காசைப் போட்டுக் கட்டிய புனித பேதுரு ஆலயம் இருக்கிறது. சர்ச் பாடல் குழுவில் ஒரு கிட்டாராவது இருக்கிற ஊர் இது. டிசம்பர் மாதம் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது கிட்டார் வாசிக்கத் தெரிந்த பையனுக்கு இருக்கிற மரியாதையே தனி. கானாவையும் கிட்டாரையும் ஒரே மேடையில் நிறுத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் முதல் கச்சேரி செய்த பிறகு, வட சென்னைப் பாட்டுக்கும் கிட்டாருக்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தக் கிட்டார்கள் ஏன் விற்பனைக்கு வருகின்றன? காரணம் சாதாரணம். பதினொன்றாம் வகுப்பில் ஆசையாக வாங்கியது. பிறகு ஹார்பரில் வேலை, அல்லது எண்ணூர், மணலி பக்கம் ஏதாவது கம்பெனியில் ஷிப்ட். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு கிட்டார் எடுக்க நேரமும் இல்லை, விரலில் தெம்பும் இல்லை. கிட்டார் பரண் மேலே ஏறும். கல்யாணம், குழந்தை என்று வீட்டில் இடம் பத்தாமல் போகும்போது கீழே இறங்கும். விளம்பரம் போடுவான். "ராயபுரம்" என்று பார்த்ததும் பாதிப் பேர் ஜகா வாங்குவார்கள். மீதிப் பேர் "அங்கேயிருந்து வருதா, அப்ப 3,000க்குக் குடு" என்பார்கள். வெறுத்துப்போய் சிலர் இடத்தின் பெயரையே மாற்றி "பாரிஸ் அருகில்" என்று போடுகிறார்கள். இன்னும் சிலர் விற்பதையே விட்டுவிடுகிறார்கள். கிட்டார் மறுபடியும் பரணுக்கு.

இது ஏதோ மனவருத்தம் மட்டும் இல்லை. இதற்குப் பொருளாதாரத்தில் பெயரே இருக்கிறது. ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஓட்டை காருக்கு எலுமிச்சம்பழம் என்று பெயர். கார் நல்லதா ஓட்டையா என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லா காரையும் சந்தேகப்பட்டுக் குறைந்த விலை தான் கேட்பார். அந்த விலைக்கு நல்ல காரை வைத்திருப்பவர் விற்கமாட்டார், சந்தையை விட்டே போய்விடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது எலுமிச்சம்பழம் மட்டும். "கார்" என்று இருக்கிற இடத்தில் "கிட்டார்" என்று போட்டுப் படித்தாலும் ஒரு வரி மாறாது. ஊர்ப் பெயரைப் பார்த்து விலையைக் குறைப்பவர்கள் தங்களை அறியாமல் செய்வது இதைத் தான். நல்ல கிட்டார்களைச் சந்தையிலிருந்து துரத்திவிட்டு, பிறகு "பழைய கிட்டாரே மோசம்ப்பா" என்கிறார்கள்.

2001ல் ஏகர்லாஃபோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் ஸ்பென்ஸ் இதற்கு ஒரு மருந்தும் சொல்லியிருக்கிறார். நல்லவர் தன்னை நல்லவர் என்று காட்டிக்கொள்ள ஒரு அடையாளம் வேண்டும். ஆனால் அந்த அடையாளம், போலி ஆசாமி காப்பியடிக்க முடியாத அளவுக்குச் செலவு பிடிப்பதாக இருக்கவேண்டும். இந்த அளவுகோலை வைத்து அந்த இரண்டு விளம்பரங்களையும் மறுபடி பாருங்கள். வாட்ஸப்பில் ஒரு சீருடைப் போட்டோ அனுப்ப என்ன செலவு? பூஜ்யம். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் "ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு தேரடி மெட்ரோ வாசலில் கிட்டாரோடு நிற்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடி வந்து நிற்பதற்குச் செலவு உண்டு. முகத்தைக் காட்டவேண்டும். பொருளைக் காட்டவேண்டும். கேமராவில் பதிவாகவேண்டும். ஏமாற்ற நினைப்பவருக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. எனவே "நேரில் வா" என்பது பயப்படவேண்டிய வார்த்தை அல்ல. இருக்கிற அடையாளங்களிலேயே நல்ல அடையாளம் அது தான்.

சென்னைக்கு இது புதுசும் இல்லை. 1900ல் திறந்து 1985 மே மாதம் தீப்பிடித்து அழியும் வரை, பழைய பொருள் என்றால் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் தான். பழைய புத்தகம், இசைத்தட்டு, கடிகாரம் என்று அங்கே கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். அங்கே பேரம் பேசத் தெரியாதவன் ஏமாந்ததும் உண்டு. ஆனால் தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, முகர்ந்து பார்த்துத் தான் வாங்கினார்கள். ஏமாந்தாலும் கையில் ஏதோ ஒரு பொருள் இருந்தது. இன்றைக்கு ஏமாறுகிறவர் கையில் இருப்பது ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும்.

சட்டமும் தட்டிப் பார்க்கத் தான் சொல்கிறது. பி.காம் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துபோகிற சட்டம் ஒன்று உண்டு. 1930ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் (சரக்கு என்றதும் யாரும் சிரிக்கவேண்டாம்). அதில் மூன்று பிரிவுகள் பழைய கிட்டாருக்கென்றே எழுதின மாதிரி இருக்கும்.

பிரிவு 16: பொருளின் தரத்தை வாங்குபவர் தான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது பொது விதி. இந்த விதிக்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் முக்கியமான இரண்டு, அந்தப் பொருளை வியாபாரமாகவே விற்கிறவருக்குத் தான் பொருந்தும். வீட்டுப் பரணிலிருந்து ஒரே ஒரு கிட்டாரை இறக்கி விற்பவர் கடைக்காரர் இல்லையே. அதனால் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பிறகு புலம்புவதில் பலன் குறைவு.

பிரிவு 15: விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தவேண்டும். இது வீட்டுக்காரருக்கும் பொருந்தும். விளம்பரத்தில் கிப்சன் என்று போட்டுவிட்டுக் கையில் கிவ்சனைக் கொடுக்க முடியாது. கிவ்சன் என்பது இந்தியாவில் பல வருடங்களாக விற்கிற மலிவு விலைக் கிட்டார், அதை கிவ்சன் என்று சொல்லி விற்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த ஒரு எழுத்து மாறினால் விலையில் லட்ச ரூபாய் மாறும்! அதனால் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பிரிவு 27: விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது. திருட்டுக் கிட்டாரை நியாயமான விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கினாலும், அது சொந்தக்காரருடையது தான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317 வரும், மூன்று வருடம் வரை சிறை. பாதி விலைக்குக் கிட்டார் கிடைக்கிறது என்று குதிப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, எங்கே சந்திப்பது?

இங்கே வட சென்னைக்கு ஒரு வசதி வந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்டது. விமான நிலையத்திலிருந்து கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, சென்ட்ரல் வழியாக தண்டையார்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி வரை ஒரே நீல வழித்தடம், வண்டி மாறவே வேண்டாம். வெளிச்சம் உண்டு, கேமரா உண்டு, எந்நேரமும் ஆள் நடமாட்டம் உண்டு. வாங்குபவர் விற்பவரின் வீட்டுக்குப் போகவேண்டாம், விற்பவரும் முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் விடவேண்டாம். ஸ்டேஷன் வாசல் இரண்டு பேருக்கும் பொது. ராயபுரத்துக்காரர் தியாகராயா கல்லூரி ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம்.

பகலில் சந்திக்கவேண்டும். கூட ஒருவரைக் கூட்டிப் போகவேண்டும், வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் ரொம்ப நல்லது. பெண் பிள்ளைகள் விற்கப்போனாலும் வாங்கப்போனாலும் அண்ணனோ தோழியோ கூட இருக்கட்டும். கத்தை கத்தையாக ரொக்கம் கொண்டுபோக வேண்டாம். கிட்டாரை வாசித்துப் பார்த்த பிறகு அங்கேயே யூபிஐயில் அனுப்பலாம், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதற்குச் சாட்சியும் ஆச்சு. விற்பவர் எஸ்எம்எஸ்ஸையோ எதிராளியின் போன் திரையையோ பார்த்து நம்பக்கூடாது. தன் வங்கிக் கணக்கைத் தானே திறந்து பார்த்து, பணம் ஏறியிருந்தால் தான் கிட்டாரைக் கையிலிருந்து விடவேண்டும். இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்துக்கு அவசரப்படுத்துகிறவரிடம் வியாபாரமே வேண்டாம்.

கிட்டாரில் எதைப் பார்ப்பது? கடலும் தொழிற்சாலையும் உள்ள ஊர் என்பதால் சில விஷயங்களைக் கூடுதலாகப் பார்க்கவேண்டும்.

1. துரு. கடல் காற்றில் கம்பி துருப்பிடிக்கத் தான் செய்யும். கம்பி செட் சில நூறு ரூபாய், மாற்றிவிடலாம், அதற்காகப் பயப்படவேண்டாம். ஆனால் கீயைத் திருகும்போது கரகரவென்று மாட்டிக்கொண்டாலோ, ஃப்ரெட் கம்பிகளில் பச்சையாகப் படிந்து அரித்திருந்தாலோ அது செலவு.

2. கழுத்து. கிட்டாரைக் கண்ணுக்கு நேரே பிடித்து, தண்டவாளத்தைப் பார்ப்பது போல் நீளவாக்கில் பார்க்கவேண்டும். லேசான வளைவு சரிசெய்யக்கூடியது. கயிறு முறுக்கினது போல் திருகியிருந்தால் வேண்டாம். தலைப்பக்கம் கழுத்தோடு சேருகிற இடத்தில் விரிசலோ, ஒட்டிப் பெயிண்ட் அடித்த தடமோ இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

3. கம்பியின் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு ஸ்கேல் வைத்து அளக்கலாம். இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் என்றால் அருமை. நாலைத் தாண்டினால் அழுத்தி அழுத்தி விரல் புண்ணாகி, புதிதாகக் கற்பவர் ஒரே மாதத்தில் கிட்டாரைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

4. பிரிட்ஜ். கம்பிகள் கீழே மாட்டியிருக்கிற மரக்கட்டைக்குப் பின்னால் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்க்கவேண்டும். உள்ளே போனால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஈரக்காற்றில் மரம் உப்பினாலும் இப்படி ஆகும்.

5. வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று தண்ணீர் புகுந்த வீடுகள் ஏராளம். தண்ணீரில் நின்ற கிட்டாரைத் துடைத்து வைத்தால் வெளியே பளபளப்பாகத் தெரியும். நடுவில் இருக்கிற ஓட்டைக்குள் போன் டார்ச்சை அடித்துப் பார்க்கவேண்டும், மூக்கை வைத்து முகரவும் வேண்டும். தண்ணீர்க் கறை, பூஞ்சை வாசனை, விளிம்பில் பிளவு, இதில் ஏதாவது இருந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம்.

6. சுருதி. போனில் இலவச ட்யூனர் ஆப் இருந்தால் போதும். கம்பியைச் சும்மா மீட்டினால் காட்டுகிற ஸ்வரத்தையே பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினாலும் காட்டவேண்டும். பிறகு ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்து, எங்கேயாவது இரைகிறதா என்று கேட்கவேண்டும். எலக்ட்ரிக் கிட்டார் என்றால் ஆம்ப்ளிஃபயரில் இணைக்காமல் வாங்கவே கூடாது.

விற்பவருக்கும் கடமை உண்டு. கீறலை மறைத்துப் போட்டோ எடுக்காமல், கீறலையே முதல் போட்டோவாகப் போடலாம். குறையைச் சொல்கிற விளம்பரத்தை நம்பி வருகிறவர் பேரத்தில் அடாவடி செய்வதில்லை. பழைய பில் இருந்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பேர் பெயர், தேதி, விலை, சீரியல் நம்பர் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அக்கூஸ்டிக் என்றால் நம்பர் பெரும்பாலும் உள்ளே லேபிளில் இருக்கும், எலக்ட்ரிக் என்றால் பெரும்பாலும் தலைக்குப் பின்னால். அப்புறம், "பாரிஸ் அருகில்" எல்லாம் வேண்டாம். ராயபுரம் என்றே போடலாம். பெயரை மறைத்தால், மறைக்க ஏதோ இருக்கிறது என்று தான் அடுத்தவர் நினைப்பார்.

கிட்டாரை நன்றாக போட்டோ எடுத்து வைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உண்மைக் கதை. கனடாவின் ராக் பாடகர் ராண்டி பாக்மன். இளம் வயதில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய 1957ம் வருட கிரெட்ச் கிட்டார் அவருடையது. 1976ல் டொரண்டோவில் ஒரு ஹோட்டலிலிருந்து அது திருடு போனது. சுமார் நாற்பத்தைந்து வருடம் கழித்து, அவருடைய ரசிகர் ஒருவர் பழைய படங்களில் இருந்த மரத்தின் முடிச்சையும் ரேகையையும் இணையத்தில் கிடைத்த படங்களோடு ஒப்பிட்டுத் தேடி, அது டோக்கியோவில் ஒரு இசைக்கலைஞரிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த ஜப்பானியர் அதைக் கடையில் நல்லெண்ணத்தோடு வாங்கியவர். சண்டை போடவில்லை, அதே மாதிரி இன்னொரு கிரெட்ச்சை வாங்கிக்கொண்டு 2022 ஜூலை 1ம் தேதி டோக்கியோவில் திருப்பிக் கொடுத்தார். மரத்தின் ரேகை மனிதனின் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. 6,000 ரூபாய்க் கிட்டாருக்கும் அந்த ரேகை உண்டு. வெளிச்சத்தில் நாலு படம் எடுத்து வைக்கக் காசு செலவில்லை.

எல்லாம் சரி, நேரில் போவதிலும் ஆபத்து இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது தான். ஆள் தெரியாமல் எங்கே போனாலும், அது அண்ணா நகரானாலும் அடையாறானாலும் கவனம் வேண்டும். அதனால் தான் பகல், கூட ஒரு ஆள், ஸ்டேஷன் வாசல். இந்த மூன்றும் எல்லா ஏரியாவுக்கும் பொதுவான விதி, வட சென்னைக்கென்று தனிச்சட்டம் தேவையில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்கு நேரில் பார்க்க வழியில்லையே என்பது நியாயமான கேள்வி. அவர்கள் சொந்த ஊரில் விற்பனைக்கு வரும்வரை காத்திருக்கலாம், அல்லது ஊரில் உள்ள நண்பரைப் பார்த்து வாங்கச் சொல்லலாம். அதுவும் முடியாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிற கடையில் வாங்குவது நல்லது. முகம் தெரியாத தனியாருக்கு முன்பணம் மட்டும் கூடவே கூடாது.

இத்தனையையும் மீறி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைப்பது தான் பெரிய தவறு. உடனே, அதாவது அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யவேண்டும். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். சீக்கிரம் சொன்னால், பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

6,000 ரூபாயில் என்ன பெரிதாக என்று சிலருக்குத் தோன்றலாம். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒரு வீட்டில் அது அம்மா சீட்டு எடுத்த பணமாக இருக்கும். பன்னிரண்டாவது முடித்த பெண் ஒருத்தி, மூன்று மாதம் கெஞ்சி வாங்கிய சம்மதமாக இருக்கும். அந்தப் பணம் "காஷ்மீருக்கு" போய்விட்டால், "பாட்டும் வேணாம் கூத்தும் வேணாம், ஒழுங்கா படி" என்று அந்தக் கதை அன்றோடு முடிந்துவிடும். அவளுக்கு இன்னொரு கிட்டார் வராது. அவள் வீட்டிலிருந்து நாலு ஸ்டேஷன் தள்ளி, இன்னொரு வீட்டுப் பரணில், ஒரு கீறலும் ஒரு லூஸ் கீயும் உள்ள நல்ல கிட்டார் ஒன்று வாங்க ஆளில்லாமல் தூசி படிந்துகொண்டிருக்கும்.

அந்தக் கிட்டார் அந்தப் பெண்ணிடம் போய்ச் சேரவேண்டும். அதற்குப் புதிதாக ஒரு ஆப் தேவையில்லை. பயத்தை அது இருக்கவேண்டிய இடத்துக்கு மாற்றினால் போதும்.

பி.கு.: சரக்கு விற்பனைச் சட்டத்தின் வருடமும் சைபர் குற்ற உதவி எண்ணும் ஒன்றே தான், 1930. முன்னது வாங்குவதற்கு முன்னால் ஞாபகம் வந்தால், பின்னதுக்கு போன் செய்யவேண்டிய தேவை பெரும்பாலும் வராது :)